பேராலயமும் பழகிய காடும்

நிழற்படம் எடுப்போர் இரு வகையினர். கண்டிராத இடத்தைத் தேடிச் சென்று எடுப்போர் ஒரு வகையினர். கண்டு பழகிய இடத்துக்கே திரும்பத் திரும்பச் சென்று எடுப்போர் மற்றொரு வகையினர். முதல் வகையினருக்குப் பயணச்சீட்டு வேண்டும். இரண்டாம் வகையினருக்குப் பொறுமை வேண்டும். பயணச்சீட்டு வழங்கும் இலாகாவில் குமாஸ்தாவாக இருக்கும் நாம், இக்கட்டுரையில் பொறுமையைப் பற்றி எழுதப் புகுந்தோம். அன்பர்கள் வியப்படைய வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு படம் எம் கையை நிறுத்திவிட்டது. கல் படிக்கட்டு ஒன்று. அதில் மனிதர் எவரும் இல்லை. படிகள் கீழிருந்து மேலே ஏறி, பாதி வழியில் வலப்புறமாகத் திரும்பி விரிகின்றன. நூற்றாண்டுக் கணக்கில் மனிதர் ஏறி இறங்கியதால் ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. அக்குழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்போது, கல் கல்லாகத் தோன்றவில்லை. கரையை நோக்கி வரும் அலைகளாகவே தோன்றியது. படத்தின் தலைப்பும் அதுவே: ‘படிகளின் கடல்’. எடுத்த ஆண்டு 1903. எடுத்தவர் பிரெடரிக் ஹென்றி இவான்ஸ். இடம் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்திலுள்ள வெல்ஸ் பேராலயம்.

அன்று மதியம் உணவு இடைவேளை முடிந்து பத்து நிமிடம் கழித்தே நாம் நாற்காலிக்குத் திரும்பினோம்.

புத்தகக் கடைக்காரர்

இவான்ஸ் 1853-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். அவருடைய தொழில் நிழற்படம் அன்று, புத்தக வியாபாரம். லண்டனில் சீப்சைடை ஒட்டிய குயின் தெருவில் கடை வைத்திருந்தார். பகலில் புத்தகம் விற்று, ஓய்வு கிடைத்தபோது காமிராவைத் தொட்டார். தொடக்கத்தில் அவர் எடுத்தவை நுண்பெருக்கி வழியாகக் கண்ட சிறு சிப்பிகளின் படங்கள். அவற்றுக்கு 1887-இல் பதக்கமும் கிடைத்தது. ஊசிமுனை அளவான சிப்பியின் வளைவுகளைக் கண்டு பழகிய கண்ணே பின்னாளில் பேராலயத்து வளைவுகளையும் கண்டது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவர் கடைக்கு உணவு இடைவேளையில் ஓர் இளைஞர் வருவது வழக்கம். காப்பீட்டு நிறுவனமொன்றில் குமாஸ்தா. புத்தகம் வாங்கப் பணம் போதாதபோது, தாம் வரைந்த சித்திரங்களைக் கொடுத்துப் புத்தகம் பெற்றுச் செல்வார். அவர்தாம் ஆப்ரி பியர்ட்ஸ்லி. அவரைப் பதிப்பாளர் ஜே. எம். டெண்டிடம் அறிமுகப்படுத்தி, ஆர்தர் மன்னன் கதை நூலுக்குச் சித்திரம் வரையும் வேலையை வாங்கிக் கொடுத்தவர் இவான்ஸ். பியர்ட்ஸ்லி தம் நீண்ட விரல்களில் முகத்தைத் தாங்கியிருக்கும் புகழ்பெற்ற படமும் இவான்ஸ் எடுத்ததே. அந்த இளைஞர் 1898-இல் 25 வயதிலேயே மறைந்தார். அவர் முகம் இன்றும் உலகுக்குத் தெரிவது பெரும்பாலும் அப்படத்தால்தான்.

அதே 1898-ஆம் ஆண்டில் இவான்ஸ் உடல்நலம் கருதிக் கடையைத் துறந்தார். அதன் பின் அவருடைய நாட்கள் பேராலயங்களில் கழிந்தன. வெல்ஸ், ஈலி, லிங்கன், யார்க் என இங்கிலாந்தின் ஆலயங்களையும், பிரான்சில் போர்ஜ் போன்றவற்றையும் எடுத்தார். அமெரிக்காவில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1903-இல் தொடங்கிய ‘காமிரா வொர்க்’ என்னும் பத்திரிகையின் நான்காம் இதழ் அவர் படங்களுக்கே சிறப்பிடம் அளித்தது. அதில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் பெர்னார்ட் ஷா. நாடகாசிரியர் ஷாவும் காமிரா பித்துக் கொண்டவர் என்பதை அன்பர்களில் சிலரே அறிந்திருப்பர்.

வெல்ஸ் பேராலயம்

இடைக்காலப் பேராலயம் எப்படியிருக்கும் என்று நம் அன்பர்கள் கேட்கக்கூடும். கல்கத்தாப் பக்கம் வசிப்போர் மைதானத்தை ஒட்டியுள்ள புனித பவுல் பேராலயத்தைக் கண்டிருப்பர். அது 1847-இல் திறக்கப்பட்டது. இடைக்காலத்ததன்று, அப்பாணியைப் பின்பற்றியது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் கூர்முனைக் கோபுரம் விழுந்தபோது, இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராலயக் கோபுரத்தை ஒத்ததாகவே புதிய கோபுரத்தை எழுப்பினர். எனவே கல்கத்தா டிராம் வண்டியில் அவ்வழியே சென்றவர் கேன்டர்பரியின் நிழலைக் கண்டவராவர்.

வெல்ஸ் பேராலயமோ அசலானது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டு 1239-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கூர்வளைவு கொண்ட கோதிக் பாணியிலேயே முழுதும் கட்டத் தொடங்கிய முதல் ஆங்கிலப் பேராலயம் அது என்பர். அதன் மேற்கு முகப்பில் இடைக்காலச் சிற்பங்கள் சுமார் 300 இன்றும் நிற்கின்றன. நடுக்கோபுரத்தை 1313-க்குப் பின் உயர்த்திக் கட்டினர். பாரம் தாங்காது அடித்தளம் அமிழத் தொடங்கியது. அப்போது வில்லியம் ஜாய் என்னும் கொத்தனார் தலைவர், 1338 முதல் 1348 வரை, ஒரு வளைவை நிமிர்த்தியும் அதன்மேல் மற்றொரு வளைவைக் கவிழ்த்தும் வைத்தாற்போன்ற பெரும் முட்டுகளைத் தூண்களுக்கிடையே கட்டினார். பார்வைக்கு அவை விரித்த கத்தரிக்கோல்கள் போல இருக்கும். இன்று பயணிகள் அவற்றை அழகுக்காகக் கட்டியவை என்று எண்ணுவதுண்டு. ஆபத்துக்குச் செய்த ஏற்பாடு அழகாகவும் அமைந்துவிட்டது. ரயில் பாலங்களுக்கு முட்டுக் கொடுக்கும் நம் பொறியாளர்கள் இதைப் பாராட்டுவர்.

இப்பேராலயத்தின் வடபுறத்தில் குருமார் கூடி ஆலோசிக்கும் எண்கோண அவைக்கூடம் உள்ளது. 1306-இல் முற்றுப்பெற்றது. அதன் நடுவே ஒரே தூண். அத்தூணின் உச்சியிலிருந்து 32 கல் விலாக்கள் பனையோலைபோல் விரிந்து மேற்கூரையைத் தாங்குகின்றன. அவைக்கூடம் தரைத்தளத்தில் இல்லை. படியேறியே செல்ல வேண்டும். அந்தப் படிகளே இவான்ஸ் எடுத்த படிகள். வலப்புறம் திரும்பினால் அவைக்கூடம். நேரே மேலேறினால், 15-ஆம் நூற்றாண்டில் தெருவுக்கு மேலாகக் கட்டிய பாலத்தின் வழியாக, ஆலயப் பாடகர்கள் குடியிருந்த வீதிக்குச் செல்லலாம். படி இரண்டாகப் பிரியும் அவ்விடத்தில்தான் அலை சுழல்வதுபோன்ற தோற்றம் உண்டாகிறது.

இந்தப் படம் ஒரே நாளில் கிடைத்ததன்று. முன்னரும் அவர் அப்படிகளை எடுத்திருந்தார், மனம் நிறையவில்லை, மீண்டும் வந்தார். ஒருமுறை பார்த்துச் செல்பவருக்கு அது வெறும் படிக்கட்டு. மீண்டும் வந்தவருக்கே அது கடலாயிற்று.

கல்லை எடுப்பதில் உள்ள சங்கடம்

ஆலயத்தின் உட்புறத்தைப் படமெடுப்பது எளிதன்று. முதற் சங்கடம் ஒளி. சாளரம் கண்ணைக் கூசச் செய்யும். தூணின் அடியோ இருளில் கிடக்கும். நம் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளும். கண்ணாடித் தகடு ஏற்காது. இருளுக்கு ஏற்ற நேரம் கொடுத்தால் சாளரத்தின் ஒளி தகட்டைக் கடந்து, பின்புறக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சாளரத்தைச் சுற்றிப் புகைபோல் பரவிவிடும். இதைத் தடுக்கத் தகட்டின் பின்புறத்தில் ஒளியை உறிஞ்சும் கரும்பூச்சு பூசுவர்.

இரண்டாவது சங்கடம் நேர்க்கோடு. உயர்ந்த தூணை எடுக்கக் காமிராவை அண்ணாந்து பார்க்கவைத்தால், தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். எனவே காமிராவை மட்டமாக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்த வேண்டும். அக்காலப் பெட்டிக் காமிராக்களில் இதற்கான ஏற்பாடு உண்டு.

மூன்றாவது சங்கடம் ஆழம். அருகிலுள்ள படியும் தொலைவிலுள்ள வாயிலும் ஒருங்கே தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். எண் 8-இல் இருப்பதை 32-க்குச் சுருக்கினால் ஒளி 16-இல் ஒரு பங்காகிவிடும். காத்திருக்க வேண்டிய நேரம் 16 மடங்காகும். இருண்ட ஆலயத்தில் இது பல நிமிடங்களாக நீளும். இதிலும் ஒரு நன்மை உண்டு: அந்நேரத்தில் குறுக்கே நடந்து போனவர் எவரும் படத்தில் பதிவதில்லை. அசையாத கல் மட்டுமே நிலைக்கிறது.

இச்சங்கடங்களைக் கடக்க இவான்ஸ் கைக்கொண்ட வழி, ஆலயத்திலேயே வாழ்வது. பேராலய ஊரில் வாரக்கணக்கில் தங்குவார். காலையில் ஒளி எத்தூணில் விழுகிறது, நண்பகலில் எங்கே நகர்கிறது, மாலையில் எவ்வளைவு இருளிலிருந்து எழுகிறது என்று காமிராவைத் திறக்காமலே கவனிப்பார். நடுக்கூடத்தில் வரிசையாக இட்டிருக்கும் நாற்காலிகள் படத்தைக் கெடுக்குமாயின், ஆலய அதிகாரிகளிடம் வேண்டி அவற்றை அகற்றச் செய்வார். நெகடிவில் தூரிகையால் திருத்துவது அவருக்கு ஒவ்வாதது. அவர் காலத்து நிழற்படக் கலைஞர்கள் பலர், படத்தை ஓவியம்போலக் காட்டப் பிசினும் சாயமும் கொண்டு மாற்றி வந்தனர். இவான்ஸோ, வேலை முழுவதும் மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்ற கொள்கையினர். இடத்தின் விவரத்தைப் பதிவு செய்வதைவிட, அவ்விடத்தில் நின்றபோது உள்ளத்தில் எழுந்த உணர்ச்சியைப் பதிவு செய்வதே நோக்கமாக வேண்டும் என்று அவர் மற்றவருக்கு அறிவுரை கூறினார்.

பழகிய காடு

பேராலயங்களால் புகழ்பெற்ற இவான்ஸ், காடுகளையும் எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவையும் அமேசான் வனங்கள் அல்ல. லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தோப்புகள். ரெட்லண்ட்ஸ் காடு அவற்றுள் ஒன்று. 1890-களிலேயே அவர் அங்குப் படம் எடுத்தார். உயர்ந்து மெலிந்த மரங்கள், அவற்றின் இடையே படரும் வெளிச்சம். இதைத் தவிர அப்படங்களில் வேறு எதுவும் இல்லை.

காட்டை எடுப்பது கல்லை எடுப்பதைவிடக் கடினம். கட்டடத்தில் ஒழுங்கைக் கொத்தனார் முன்பே செய்து வைத்துவிட்டார். காட்டிலோ எல்லாம் கலந்து கிடக்கும். எங்கே நின்றால் மரங்கள் வரிசையாகும், எங்கே நின்றால் ஒரு கிளை மற்றொன்றைக் குத்தும் என்பதைப் பலநாள் நடந்தவரே அறிவர். காற்று அடித்தால் நீண்ட நேரப் படத்தில் இலைகள் கஞ்சிபோல் குழைந்துவிடும். மேலும் அக்காலச் சாதாரணத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. பச்சை அவற்றுக்கு ஏறக்குறைய கறுப்பு. 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்னும் ஜெர்மானியர் தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையையும் உணரும் என்று கண்டறிந்தார். அதன் பிறகே இலைக்குப் படத்தில் உயிர் வந்தது.

காட்டையும் பேராலயத்தையும் ஒப்பிடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். மரங்கள் இருபுறமும் உயர்ந்து மேலே கிளை கோத்ததைக் கண்டே கோதிக் வளைவைக் கற்பனை செய்தனர் என்று 18-ஆம் நூற்றாண்டில் சிலர் எழுதினர். கட்டடக்கலை அறிஞர் இதை ஒப்புவதில்லை. சுவரின் பாரத்தைக் குறைத்துச் சாளரத்தைப் பெரிதாக்கும் பொருட்டு, கூர்வளைவும் விலாவும் வெளிமுட்டும் படிப்படியாக உருவாயின என்பதே அவர்கள் முடிவு. எனினும் இவான்ஸின் இருவகைப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஓர் உறவு தெரியும். அங்கே தூண், இங்கே மரம். அங்கும் இங்கும் மேலிருந்து இறங்கும் ஒளி ஒன்றே. கட்டடக்கலையில் உறவில்லாமற் போகலாம். ஒரே மனிதரின் பார்வையில் உறவு இருந்தது.

அவர் எடுத்த காட்டுப் படங்களுள் எம் மனத்தைவிட்டு அகலாதது மற்றொன்று. 1909-ஆம் ஆண்டளவில் எடுத்தது. சர்ரேயிலுள்ள டியர்லீப் காடு. அதற்கு இவான்ஸ் இட்ட தலைப்பில், இது ஜார்ஜ் மெரிடித் உலவிய இடம் என்ற குறிப்பையும் சேர்த்தார். மெரிடித் ஆங்கில நாவலாசிரியர்; கவிஞர். அப்பகுதியில் பாக்ஸ் குன்றின் அடியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். நடப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். முதுமையில் கால் தளர்ந்து நடக்க இயலாதவராகி, 1909-ஆம் ஆண்டு மே மாதம் மறைந்தார். படத்தில் மெரிடித் இல்லை. மரங்கள் மட்டுமே நிற்கின்றன. ஆயினும் தலைப்பைப் படித்தபின் அது மரங்களின் படமாகத் தோன்றுவதில்லை. அவ்வழியே நடந்து சென்ற ஒருவரின் படமாகவே தோன்றுகிறது.

பிளாட்டினம் தீர்ந்த கதை

இவான்ஸ் தம் படங்களைப் பிளாட்டினம் தாளில் அச்சிட்டார். வில்லியம் வில்லிஸ் என்னும் ஆங்கிலேயர் 1873-இல் உரிமை பெற்ற முறை அது. இரும்பு உப்பும் பிளாட்டினம் உப்பும் பூசிய தாளை நெகடிவோடு சேர்த்து வெயிலில் வைத்துக் கழுவினால், பிளாட்டினம் உலோகமே தாளின் இழைகளில் படிந்து உருவமாகும். பளபளப்பு இராது. கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் எண்ணற்றவையாகத் தெரியும். வெள்ளி அச்சுகள்போல் மங்குவதும் இல்லை. அரையிருளில் நிற்கும் கல்லுக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. நெகடிவ் எவ்வளவோ அவ்வளவே படமும் இருக்கும், பெரிதாக்க இயலாது. ‘படிகளின் கடல்’ ஏறக்குறைய ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தின் அளவே.

பிளாட்டினத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. வெடிமருந்துத் தொழிலுக்கு வேண்டிய அமிலங்களைச் செய்யப் பிளாட்டினம் தேவைப்பட்டது. உலோகம் போருக்குப் போயிற்று. தாள் கிடைக்காமற் போயிற்று. வேறு தாளில் அச்சிட அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஏறக்குறைய 1915-இல் அவர் நிழற்படத்தையே விட்டுவிட்டார். 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம், 90 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தபோது, மறைந்தார். கலையைத் துறந்தபின் அவர் வாழ்ந்த ஆண்டுகள் 28 என்பதை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது.

நாளைக்கும் இருக்குமா?

கல் நிலையானது என்று நாம் எண்ணுகிறோம். 1940-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் இரவு, ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளால் கவென்ட்ரி நகரின் இடைக்காலப் பேராலயம் எரிந்து வெறுஞ்சுவராயிற்று. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மாலை, பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. கல் வளைவுகளுக்கு மேலே, வெளியே தெரியாமல் நின்ற ஓக் மரச் சட்டங்களின் பெருந்தொகுதி அது. இடைக்காலத்தில் வெட்டிய மரங்கள். அதைப் பிரெஞ்சு மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் தெரியுமா? ‘காடு’ என்றே அழைத்தனர். அந்தக் காடு ஓர் இரவில் சாம்பலாயிற்று.

மீண்டும் கட்டியபோது கைகொடுத்தவை முன்னரே எடுத்து வைத்த அளவுகளும் வரைபடங்களும். ஆண்ட்ரூ டேலன் என்னும் கலை வரலாற்று ஆசிரியர் 2010-ஆம் ஆண்டளவில் அவ்வாலயத்தின் உள்ளும் புறமும் லேசர் ஒளியால் அளந்து பதிவு செய்திருந்தார். விபத்தைக் காண அவர் உயிரோடில்லை, 2018-இல் மறைந்துவிட்டார். பிரான்சின் காடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரங்களைத் தேர்ந்து வெட்டிக் கொணர்ந்தனர். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது. காடு மீண்டும் கூரையேறியது.

எம் சால மரக்காடு

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். கரக்பூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவர் நாம். ஊருக்கு வெளியே, செம்மண் பூமியில், வங்காளத்தார் ‘ஷால்’ என்றழைக்கும் சால மரக்காடு உண்டு. எம் தந்தையார் தென்னாட்டிலிருந்து பட்டறை வேலைக்கு இவ்வூருக்கு வந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மாலைதோறும் அக்காட்டுப் பாதையில் ஒரு மைல் நடந்து திரும்புவார். கையில் ஒரு குடை. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடை உண்டு.

எமக்கு ஒரு பழைய காமிரா கைக்கு வந்த புதிதில், பூரி, தார்ஜிலிங் என்று இலவசப் பாஸில் எங்கெங்கோ சென்று படமெடுத்தோம். ஒருநாள் தந்தையாரிடம், “அப்பா, காட்டில் உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டோம். “இந்தக் காட்டில் என்னடா இருக்கிறது, படம் எடுக்க? நாளைக்கும் இங்கேதானே இருக்கும்” என்றார். நாமும் சரி என்று விட்டுவிட்டோம்.

காடு இருக்கிறது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய படங்கள் என்று எம் வீட்டில் இருப்பவை இரண்டே: அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று, ஓய்வு பெற்ற நாளன்று கழுத்தில் மாலையோடு எடுத்தது மற்றொன்று. இரண்டிலும் அவர் அவராக இல்லை.

இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் இவான்ஸைக் கண்டது அதன் பிறகுதான். டியர்லீப் காட்டுப் படத்தின் தலைப்பைப் படித்த அன்று, நாம் செய்யத் தவறியது என்ன என்பதும், இன்னும் செய்யக்கூடியது என்ன என்பதும் ஒருங்கே விளங்கின. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறுதோறும் காட்டுக்குச் சென்றோம். முதல் மாதம் காமிராவைத் தோளிலிருந்து இறக்கவில்லை, பார்த்தோம். வெயில் ஏறியபின் தரையெங்கும் வெள்ளைத் திட்டுகள் விழுந்து படம் சிதறிவிடும் என்பதைக் கண்டோம். மூடுபனி உள்ள காலையில் பின்னாலிருக்கும் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறி, ஒழுங்கு தானே பிறக்கும் என்பதையும் கண்டோம். இரண்டாம் மாதம் எடுத்தவை யாவும் பாழ். மரங்கள் இருந்தன, காடு இல்லை. ஜனவரிக் கடைசியில் ஒருநாள், பாதை வளையும் இடத்தில், முக்காலியைத் தாழ்த்தி நிறுத்தி, பனி சற்றே விலகும்வரை காத்திருந்து ஒரு படம் எடுத்தோம்.

அதை அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எம் தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின், “இது அவர் வருகிற வழியல்லவா?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. படம் இப்போது மாலையிட்ட படத்தின் பக்கத்தில் தொங்குகிறது.

அன்பர்களுக்குச் சில சொற்கள்

இன்று அனைவர் கையிலும் கைப்பேசி உண்டு. அதில் காமிராவும் உண்டு. தாளும் தகடும் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. ஆகவே படம் எடுப்பது எளிதாயிற்று; பார்ப்பது மட்டும் எளிதாகவில்லை. இவான்ஸிடம் நாம் கற்றதை, அனுபவத்தில் சரியென்று கண்டபடி, சுருக்கமாகச் சொல்வோம்.

ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அது நடந்து செல்லும் தொலைவில் இருக்கட்டும். முதல் சில நாட்கள் எடுக்காதீர்கள். எந்நேரத்தில் ஒளி எங்கே விழுகிறது என்று குறித்துவையுங்கள். கட்டடமானால் கருவியைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். உச்சி தெரியாவிட்டால் பின்னால் நகருங்கள். உட்புறமானால் சுவரிலோ தூணிலோ ஊன்றிக்கொள்ளுங்கள், அனுமதி கேளுங்கள், மறுத்தால் வணங்கித் திரும்புங்கள். காடானால் காற்றில்லாத காலையில் செல்லுங்கள். எதைச் சேர்ப்பது என்று எண்ணாமல் எதை விலக்குவது என்று எண்ணுங்கள். எடுத்த படத்தைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் இடமும் நாளும் எழுதிவையுங்கள். எழுதாத படம் இரண்டு தலைமுறைக்குப் பின் எவருடையதோ ஆகிவிடும்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையைக் கட்டுகிறோம். பழகிய பாதையைக் கட்டி எடுத்துச் செல்ல முடிவதில்லை. வெல்ஸ் பேராலயத்துப் படிகளைக் குழியச் செய்த பாதங்கள் யாருடையவை என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் நடந்தார்கள் என்பதற்கு அக்கல்லே சாட்சி. நம் காலனித் தெருவும், ஸ்டேஷன் மேம்பாலப் படியும், காட்டுப் பாதையும் நம்மவர் நடந்ததற்குச் சாட்சிகளே. அவற்றையும், அவற்றில் இன்று நடப்போரையும், அவர்கள் நடக்கும்போதே எடுத்து வைப்போமாக. நாளைக்கும் இருக்கும் என்று சொல்பவர் சொல்லட்டும். நாம் இன்றைக்கே எடுப்போம்.